பத்தால் வகுத்த மண்ணெண்ணெய்

சிரியம், பர்மா
1941 ஆனி 12

மருமகள் மீனாம்பிகைக்கு,

இக்கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, இரங்கூன் ஆற்றின் இக்கரையிலுள்ள அத்தனை எண்ணெய்த் தாங்கிகளையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறேன். நம்பாதவர்களின் பட்டியலில் உன் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறேன். உன் புருஷன் பரமலிங்கத்தின் பெயர் கடைசியில். அவன் நல்லவன், யார் எதைச் சொன்னாலும் காது கொடுப்பவன்.

சிரியம் எண்ணெய் ஆலையின் தகரக் கொட்டகைக்குப் பத்தொன்பது வருடமாக நானே சக்கரவர்த்தி என்பது உலகறிந்த விஷயம். நான் கையைத் தாழ்த்தினால் ஆயிரம் கூலிகள் தகரங்களில் மண்ணெண்ணெய் நிரப்புவார்கள். உயர்த்தினால் நிறுத்துவார்கள். போன கிழமை மூக்குச் சொறிவதற்காகக் கையை உயர்த்திவிட்டேன். அன்று மாலை கல்கத்தாவில் தெருவிளக்கு எரியவில்லை.

மண்ணெண்ணெய் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். வடக்கே நிலத்துக்குள்ளிருந்து கறுப்பு எண்ணெய் குழாய் வழியாக இங்கே வருகிறது. அது சேறு. விளக்குக்கும் ஆகாது, இஞ்சினுக்கும் ஆகாது. ஆலையிலே பெரிய கொப்பரைகளில் அதைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடித்தால்தான் மண்ணெண்ணெய். நிலத்துக்குள்ளே கடலளவு எண்ணெய் கிடந்தாலும் கொப்பரை கொண்டமட்டும்தான் வெளியே வரும். ஊரெல்லாம் நெல் விளைந்து, குத்துவதற்கு ஒரே ஓர் உரல் இருந்தால் அரிசி என்ன விலை விற்கும்? அதுதான் இங்கேயும்.

இப்போது கேள். பெரிய துரை என்னை அழைத்து நாற்காலி தந்தார். நான் மறுத்தேன். "கனகசபாபதி, இன்னும் பதினெட்டுக் கொப்பரை வைக்கலாமா?" என்று கேட்டார். யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தேன். ஒவ்வொன்றும் நல்லூர்த் தேர் உள்ளே போய்த் திரும்பி வரக்கூடிய அகலம். தை மாதம் எல்லாம் கொதிக்கும். அதன்பிறகு பண்டத்தரிப்பில் மண்ணெண்ணெய் கிணற்றுத் தண்ணீரைவிட மலிவு. மாட்டை எண்ணெயால் குளிப்பாட்டுவீர்கள், தண்ணீர் கட்டுபடியாகாது.

கொட்டகையின் ஏகசக்கராதிபதியும் உன் தாய்மாமனுமாகிய
கனகசபாபதி


பண்டத்தரிப்பு, இலங்கை
1941 ஆடி 20

அம்மானுக்கு,

கடிதம் கிடைத்தது. இவர் அதை மூன்று தரம் வாசித்துவிட்டார்.

அம்மா இருந்த காலத்தில் இந்த வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தா. உங்களுக்கும் தெரியும். "தம்பி சொல்லுறதைப் பத்தாலை பிரியுங்கோ. மிஞ்சினது உண்மை." நாங்கள் இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறோம். நீங்கள் பர்மாவில் பிடித்த முப்பது அடி மீன் இங்கே மூன்று அடியாகத்தான் வந்து சேர்ந்தது.

என் சீதனத் தோட்டம் பன்னிரண்டு பரப்பும் புகையிலைதான். கூலிக்கு வரும் தம்பிராசா கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க, அவன் தம்பி தண்ணீர் மொள்ளும் பட்டை பிடிக்க, இவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுவார். ஒரு முறை முழுத் தோட்டத்துக்கும் இறைத்து முடிக்க இரண்டு நாள் வேண்டும். சுன்னாகத்தில் ஒருவர் மண்ணெண்ணெய் இஞ்சின் வாங்கிக் கிணற்றடியில் பூட்டியிருக்கிறார். இவர் கோயிலுக்குப் போவது போல அதைப் பார்க்கப் போய்வருகிறார். எங்கள் இரண்டு நாள் தண்ணீரை அது மூன்று மணித்தியாலத்தில் இறைக்கிறதாம். எண்ணெய்ச் செலவை நினைத்துத்தான் இதுவரை பேசாமல் இருந்தார். இப்போது உங்கள் கடிதம் வந்துவிட்டது.

"பதினெட்டைப் பத்தாலை பிரியும், மீனா. ஒண்டே முக்கால் வருகுது. ஒண்டே முக்கால் கொப்பரை கூடினாலும் விலை விழும்தானே?"

"முக்கால் கொப்பரை எப்பிடி நிக்கும்?"

"படுத்துக் கிடக்கட்டும். எண்ணெய் வந்தாச் சரி."

அம்மான், இஞ்சினுக்கு என் அட்டியலைத்தான் விற்கவேண்டும். அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. புகையிலை பிழைத்தால் அட்டியல் இன்னொன்று வரும், அது பிழைக்காவிட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. விளையாட்டை விட்டு ஒரு வரி எழுதுங்கள். மலியுமா, மலியாதா? அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் அட்டியலைக் கழற்றுவேன்.

மீனாம்பிகை


சிரியம்
1941 ஆவணி 25

மீனாம்பிகைக்கு,

ஒரு வரி கேட்டாய். என்னிடம் ஒரு வரி கேட்பது யானையிடம் ஒரு மயிர் கேட்பது போன்றது. எந்த மயிரைப் பிடுங்குவது என்று யானை நாலு நாள் நின்று யோசித்தது.

கொப்பரைக்கு வேண்டிய இரும்பு சீமையிலிருந்து வரவேண்டும். இப்போது கப்பல்கள் சண்டைக்குப் போயிருக்கின்றன. அது சின்ன விஷயம். சின்ன விஷயங்களைப் பெரிய துரை பார்த்துக்கொள்வார்.

மலியும்.

கீழே தகரக் கொட்டகையின் முத்திரையையும் குத்தியிருக்கிறேன். இந்த முத்திரை பட்ட சொல்லை இரங்கூன் கவர்னரும் மீறமாட்டார்.

கனகசபாபதி


பண்டத்தரிப்பு
1941 மார்கழி 2

அம்மானுக்கு,

இஞ்சின் வந்துவிட்டது. பச்சை நிறம். இரண்டு மாட்டு வண்டிலைச் சேர்த்துக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். இவர் அதற்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். ஒழுங்கைச் சனம் எல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. முதல் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தபோது நான் சிரித்துவிட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை, அப்படி ஓடியது.

இஞ்சின் மழையில் நனையக்கூடாதாம். கொட்டில் போடுவதற்கு நல்ல மரம் கிடைக்கவில்லை. இவர் துலாவை இறக்கி அறுத்துக் கூரைக்கு வளையாகப் போட்டுவிட்டார். அது இரண்டு தலைமுறை கண்ட மரம். தம்பிராசா நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, மரத்தை அறுத்தது சரி. ஒரு கேள்வி. உது நிண்டு போனா, உதுக்கு மேலை ஏறி மிதிக்கேலுமோ?"

"உன்ரை வயித்தெரிச்சலை விடடா."

"எனக்கென்ன எரிச்சல்? கால் நோ இனி இல்லை. கையிலை காசும் இனி இல்லை."

மூவாயிரம் கன்று நட்டிருக்கிறோம். நல்ல மழை. தைக்குப் பிறகுதான் இறைப்பு. எண்ணெய் போத்தலுக்கு இரண்டு சதம் ஏறியிருக்கிறது. "தையிலை கொப்பரை கொதிக்கட்டும், பாரும்" என்கிறார் இவர். உங்கள் முத்திரைக் கடிதத்தைக் கொட்டில் வளையில் செருகி வைத்திருக்கிறார்.

மீனாம்பிகை


சிரியம்
1942 தை 9

மீனா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் வரும் வழி அடைபட்டிருக்கலாம்.

வெள்ளைக்காரரின் நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு யப்பான்காரனின் விமானங்கள் இரங்கூனுக்கு வந்தன. அதிசயம் பார்க்கச் சனம் தெருவுக்கு வந்து நின்றது. அப்படி நின்றவர்கள்மேல்தான் குண்டு விழுந்தது. ஐந்து லட்சம் பேர் இருந்த ஊரில் இப்போது நாய்களும் நாங்களும். வடக்கு வீதியில் சனம் முடிவில்லாமல் நடந்து போகிறது. என் கொட்டகையில் பத்துக் கூலிக்கு ஒருவர்தான் மிச்சம். நான் கையை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் பார்க்க ஆளில்லை.

துலாவை இறக்கவேண்டாம் என்று பரமலிங்கத்திடம் சொல். இறக்கியிருந்தால் இன்றைக்கே வேறொன்று நாட்டச் சொல். மண்ணெண்ணெய் கண்ட இடத்தில், கேட்ட விலைக்கு வாங்கி வையுங்கள். எத்தனை தகரம் கிடைக்குமோ அத்தனையும்.

இதைப் பிரிக்காதே பிள்ளை.

அம்மான்


பண்டத்தரிப்பு
1942 மாசி 22

அம்மானுக்கு,

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேருமோ தெரியாது.

உங்கள் தைக் கடிதம் மாசி பிறக்கும்போதுதான் கிடைத்தது. இவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஐஞ்சு லட்சத்தைப் பத்தாலை பிரியும். ஐம்பதினாயிரம். கொஞ்சச் சனம் பயந்து ஓடியிருக்கு. அம்மான்ரை கதைதானே" என்றார். பேப்பரிலும் இரங்கூனுக்கு ஆபத்து இல்லை என்று போட்டிருந்தது. 'பிரிக்காதே' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். முப்பது அடி மீனுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சங்கானைக் கடையில் ஒன்பது தகரம் இருந்தது. நாங்கள் வாங்கியது ஒன்று.

அடுத்த கிழமை கடையில் ஒன்றும் இல்லை. இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் பங்கீட்டு அட்டைக்குத்தான் எண்ணெய். வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு போத்தல், விளக்குக்கு மட்டும். நாங்கள் விளக்குக் கொளுத்துவதில்லை. பொழுது பட முன்னம் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்தப் போத்தலை இஞ்சினுக்கு ஊற்றுகிறோம். அது நாலு வரிசைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு நின்றுவிடும். இவர் தேங்காயெண்ணெய் கலந்து பார்த்தார். கறுப்பாய்ப் புகைத்து இருமியது. கழுவித் துடைக்க இரண்டு நாள்.

புகையிலை இலைகள் மத்தியானத்தில் தொங்கி, விடிய நிமிர்ந்தன. இப்போது விடியவும் தொங்குகின்றன.

இவர் அளவெட்டிப் பக்கம் போய், ஒருவர் கழித்துப் போட்ட பழைய துலா மரம் ஒன்று கொண்டுவந்து நாட்டியிருக்கிறார். மிதிக்க ஆள் இல்லை. பலாலியில் விமானத்துக்குத் தரை போடுகிறார்கள். தம்பிராசாவும் தம்பியும் அங்கே போய்விட்டார்கள். நான் போய்க் கேட்டேன். "தங்கச்சி, அங்கை ஒரு நாளைக்குத் தாறது உங்கடை ஒரு கிழமைக் கூலி. கோவியாதையுங்கோ" என்றான். அவனில் என்ன கோபம்?

நாளைக்கு இவரே ஏறி மிதிப்பாராம். இதுவரை வாய்க்காலில் நின்ற மனிசன். நான் பட்டை பிடிக்கிறேன்.

மீனாம்பிகை


மண்டபம் முகாம்
1942 வைகாசி 28

மீனாம்பிகைக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

கடலுக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில், இலங்கைக்குப் போகிறவர்களை மறித்து வைக்கும் முகாமில் இருக்கிறேன். பேதி இல்லை, காய்ச்சல் இல்லை என்று டாக்குத்தர் கையெழுத்து வைத்தால்தான் கப்பல். நீ இஞ்சின் வந்ததை எழுதிய மார்கழிக் கடிதம் மாசி நடுவில் என் கைக்கு வந்தது. அதில் துலாவை அறுத்த இடத்தில் நிறுத்திவிட்டு, மேலே வாசிக்க எனக்கு ஒரு நாள் எடுத்தது. பிறகு உன் கடிதம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி நான் எழுதுவதை நீ நம்பமாட்டாய். முன்பெல்லாம் அதைச் சந்தோஷத்தோடு எழுதுவேன்.

பங்குனி ஏழாந்தேதி காலையில் பெரிய துரை எங்களைக் கூப்பிட்டார். இந்தமுறை மெய்யாகவே கூப்பிட்டார். ஆலை யப்பான்காரன் கையில் போகக்கூடாது, ஒரு சொட்டு எண்ணெய்கூட மிஞ்சக்கூடாது என்றார். பட்டாளத்து ஆட்கள் கொப்பரைகளுக்கு வெடி கட்டினார்கள். தகரக் கொட்டகையை அறிந்தவன் நான் என்று என் கையில் ஒரு கோடரியைத் தந்தார்கள்.

இருபதாயிரம் தகரம் இருந்தது. இத்தனை வருடமாக ஒவ்வொன்றாய் எண்ணி அடுக்குவித்தவன் நான். எங்கள் நாலு பேரையும் முடிந்தமட்டும் கோடரியால் கொத்தும்படி சொன்னார்கள். கொத்தக் கொத்த முழங்கால் வரைக்கும் மண்ணெண்ணெய். கை ஓயாமலிருக்க ஒவ்வொரு தகரத்துக்கும் ஊர்ப் பெயர் ஒன்று சொல்லிக் கொத்தினேன். இது மானிப்பாய், இது சங்கானை, இது காங்கேசன்துறை. பண்டத்தரிப்பு வந்தபோது அந்தத் தகரத்தை மெதுவாகக் காலால் தள்ளி ஒதுக்கி வைத்தேன். எங்கே கொண்டுபோகப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிப்பாய் விரலால் அதைக் காட்டினான். அதையும் கொத்தினேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வெடித்தது. பகல் இருட்டிவிட்டது. கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன. ஆற்றுத் தண்ணீருக்கு மேலே தீ நடந்து போனதை என் கண்ணால் கண்டேன்.

பிறகு எங்களை வண்டியில் வடக்கே ஏற்றினார்கள். பிறகு மணிப்பூர் மலைகளால் நடந்தோம். அதைப்பற்றி எழுதமாட்டேன். பெருப்பித்துச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

புகையிலை வெட்டியாயிற்றா? பரமலிங்கம் சுகமா? அவனோடு தோட்டத்தில் நின்று கொஞ்சம் கதைக்கவேண்டும்.

அம்மான்


பண்டத்தரிப்பு
1942 ஆனி 9

அம்மானுக்கு,

மாசியில் எழுதிய கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. இதற்குள் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள்.

அதற்கு மறுநாள் விடிய இவர் துலாவில் ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னும் பின்னும் நடந்தார். முதலில் பயந்தார். பிறகு கால் பழகிவிட்டது. "பாரும் மீனா, உந்த இஞ்சினை விட நான் நல்லா ஓடுறன். எனக்கு எண்ணெயும் தேவையில்லை" என்றார். நான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். நாலு வரிசைக்குத் தண்ணீர் போனது. ஐந்தாவது வரிசைக்குப் பட்டை மேலே வரும்போது மரம் நடுவால் முறிந்தது. கிணற்றுக் கட்டில் முதுகும் தலையும் அடிபட விழுந்தார்.

ஒரு மாதம் ஆசுபத்திரியில் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

மூவாயிரம் கன்றிலும் ஒன்றும் இல்லை. நின்றபடியே காய்ந்தன. தண்டுகளைப் பிடுங்கி அடுப்பு எரிக்கிறேன்.

மாதகலிலிருந்து பலாலிக்குக் கல் ஏற்றும் லொறிகள் எங்கள் ஒழுங்கை முகப்பால் போகின்றன. பகல் முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றுக்கு எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது. ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் இவர் தலையைத் திருப்பி, "இஞ்சின் தொடங்கிட்டுதோ, மீனா?" என்று கேட்கிறார். முதலில் "இல்லை, அது லொறி" என்றேன். இப்போது "ஓம்" என்கிறேன்.

நீங்கள் எழுதிய இருபதாயிரம் தகரத்தைப் பத்தால் பிரித்தேன். இரண்டாயிரம் வந்தது. இன்னும் பிரித்தேன். இருநூறு. இருபது. இரண்டு. எங்களுக்கு அந்த இரண்டும் போதுமாயிருந்திருக்கும், அம்மான்.

தைக் கடிதத்தைப் பிரித்தது எங்கள் பிழை. அதற்கு உங்களைச் சொல்லவில்லை. நல்ல தெளிவாக இருக்கிற நேரத்தில் இவர் ஒன்று கேட்கச் சொன்னார். பதினெட்டுக் கொப்பரையில் எத்தனை மெய்? கதை வேண்டாம். அதற்குப் பதில் வந்தபிறகு, இங்கே வரலாமா என்று எழுதுகிறேன்.

மீனாம்பிகை


மண்டபம் முகாம்
1942 ஆனி 17

மீனாம்பிகைக்கும் பரமலிங்கத்துக்கும்,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டாவது வரியில் யானையோ தேரோ வந்து நின்றது.

நான் சக்கரவர்த்தி அல்ல. தகரம் எண்ணுகிற ஆள். கொட்டகையில் அறுபது பேர் வேலை செய்தார்கள். நான் கையை உயர்த்தினால் அவர்களுக்கு வெற்றிலை வேண்டுமென்று விளங்கும். பெரிய துரை கோடரி தந்த அன்றுவரை என் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றும் என் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தந்தார்.

பதினெட்டுக் கொப்பரை இல்லை. ஒண்டே முக்காலும் இல்லை. பரமலிங்கம், நீர் பிழையாகப் பிரிக்கவில்லை. நான் தந்த தொகைக்குள் ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் மாமி போட்ட சட்டம் பெருப்பித்த உண்மைக்குத்தான் சரி. வெறும் பொய்க்கு என்ன செய்வதென்று அவ சொல்லிவிட்டுப் போகவில்லை.

இரும்பு வராது என்று ஆவணியில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்திருந்தாலும் எண்ணெய் மலிந்திருக்குமோ தெரியாது. எத்தனை கொப்பரை கொதித்தாலும் விலையை எழுதுகிறவன் வேறெங்கோ இருந்தான். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மீனா ஒரு வரி கேட்ட அன்று நான் 'தெரியாது' என்று எழுதியிருக்கவேண்டும். நாலே எழுத்து. பேனையை எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் என்னைக் கேட்டு ஒருவரும் ஒன்றும் செய்ததில்லை. என் ஒரு சொல்லுக்காக ஒருத்தி கழுத்தில் கைவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுதினேன். முத்திரையும் குத்தினேன். ஒழுகுகிற தகரத்தைக் கழிக்கும்போது குத்துகிற முத்திரை அது. வேறு முத்திரை என்னிடம் இல்லை.

டாக்குத்தர் நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டார். வியாழக்கிழமைக் கப்பலுக்கு என் பெயரைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நீ வரச் சொன்னால் வருவேன். துலா மிதிக்க என் கால்கள் இனி உதவா, வாய்க்காலில் நிற்கலாம். வரவேண்டாம் என்றால் இங்கேயே ஏதாவது எண்ணுகிற வேலை கிடைக்கும்.

பரமலிங்கம் கேட்டது எத்தனை மெய் என்றுதானே. ஒரு சின்னத் துண்டு மெய். அதையும் எழுதிவிடுகிறேன், இனி ஒன்றும் மறைத்ததாக இருக்கக்கூடாது. ஒரு கொப்பரைக்கு இடம் குறித்து, நாலு முளை அடித்து, நிலத்தை வெட்டியிருந்தார்கள். அதற்குள் மழைத்தண்ணீர் நின்றது. வேலை முடிந்து போகும்போது நான் சிலநாள் அதன் கரையில் நின்று உள்ளே பார்ப்பேன். அந்தக் குழி இருந்தது.

கனகசபாபதி